ஐந்து மணி மெயின்

பிப்ரவரி 9, வியாழன்

பயிற்சிப் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து லினக்ஸ் சான்றிதழ் வாங்கி வந்து மூன்று வாரமாகிறது. சட்டம் போட்டு மாட்டவா வாங்கினேன்? இன்றைக்குத் துறைத் தலைவர் ஞானதிரவியம் சாரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "நம்ம ரூம் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டிரட்டுமா சார்? விண்டோஸ் தொறக்கதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்திரலாம்." போடுங்க என்று தலையை ஆட்டினார். இந்தத் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். குடுவை கழுவவும் காய்ந்த செடியைத் தாளில் ஒட்டவும்தான் இந்த ஹெப்சிபாவுக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

பேச்சியம்மாள்தான் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். ஆறு வருடமாக இங்கே பிஎச்.டி. செய்கிறாள். செம்மணல் தேரிக்காட்டுச் செடிகள் பற்றி அவள் சேர்த்த எல்லாமே அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மார்ச் 15-க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இனி நீட்டிப்பு கிடையாது. "மேடம், என் ஃபோல்டர மட்டும் ஒரு காப்பி எடுத்துக்கிடட்டுமா?" என்றாள். "விண்டோசும் இருக்கும், லினக்சும் இருக்கும். ஒன் சாமான யாரும் தொட மாட்டாங்க. நான் பாத்துக்கிடமாட்டேனா?" என்றேன். அவள் கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிரிக்கும் பக்கத்தில் நூறு எம்பி அளவில் ஒரு துண்டு தனியாகக் கிடந்தது. அதை அழித்துப் புதிதாக்கவா என்று பக்கத்தில் ஒரு கட்டம். பழைய குப்பை எதற்கு என்று டிக் போட்டேன். நாலேமுக்காலுக்கு லினக்ஸ் ஜம்மென்று வந்து நின்றது. எதைத் திறக்க என்று திரையில் கேட்கும் பட்டியலில் விண்டோஸின் பெயர்தான் இல்லை. எங்கே போய்விடும் என்று தேடிக்கொண்டிருந்தபோது மணி ஐந்தாகி, மாசானம் மெயினை அணைத்துவிட்டார்.

மாசானம் எங்கள் துறை அட்டெண்டர். வயரில் மின்கசிவு வந்த வருடத்திலிருந்து மாலை ஐந்துக்கு மாடி முழுவதற்கும் மெயினை அணைக்க வேண்டும் என்பது பிரின்சிபல் உத்தரவு. அவருக்கு ஐந்து என்றால் ஐந்துதான்.

வரும் வழியில் சாளை மீன் வாங்கினேன். நல்ல புதுசு.

பிப்ரவரி 10, வெள்ளி

காலையில் பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரை. இயக்க எதுவும் கிடைக்கவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. லினக்சும் இல்லை, விண்டோசும் இல்லை. மூன்று தரம் அணைத்துப் போட்டேன். அதே வரி.

பேச்சி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஞானதிரவியம் சாரும் வந்துவிட்டார். "என்னாச்சு ஹெப்சி?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு சார். ஓடிக்கிட்டு இருக்கும்போது சொல்லாம கொள்ளாம மெயின அணைச்சிட்டாங்க."

பேச்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மாசானத்தைக் கூப்பிட்டார்கள். சார் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். மாசானம் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அஞ்சு மணிக்கு அணைச்சேன் சார்," என்றார். 

ஓடும் கம்ப்யூட்டரின் மின்சாரத்தை நிறுத்தினால் டிஸ்க் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அது எல்லோரும் சொல்வதுதான். நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

பிப்ரவரி 11, சனி

ஒட்டடை அடித்தேன். மெத்தைகளை வெயிலில் போட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

மாசானத்துக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அலட்சியத்தால் ஆய்வுத் தரவு அழிந்தது, மார்ச் 6-க்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அவர் மார்ச் 31-இல் ஓய்வு பெறுகிறவர். விளக்கம் சரியில்லை என்று விசாரணை வைத்தார்களானால், அது முடியும்வரை ஓய்வு பெற விடமாட்டார்கள். "முப்பத்து மூணு வருசத்துல ஒரு மெமோ கெடையாது," என்று அலுவலகத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொல்லவில்லை.

நான் இப்படி ஆகும் என்று நினைத்தா சொன்னேன்? சார் ஒரு சத்தம் போட்டுவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு புது வழக்கம் வேறு ஆரம்பித்திருக்கிறார். முன்பெல்லாம் ஐந்து மணிக்கு வராந்தா முனையில் நின்று "மெயின் போகுது" என்று குரல் கொடுப்பார், அறைகளில் இருப்பவர்கள் "சரி" என்போம், அணைப்பார். இன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு அறை அறையாக வந்தார். தேதி, நேரம், அறை, கையெழுத்து என்று ஸ்கேலால் கோடு போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டேன். அந்த வியாழக்கிழமை அவர் குரல் கொடுத்தாரா என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

அதற்கு முன்னால், மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பிப் பார்த்தேன். டிஸ்க் கல்லு மாதிரி இருக்கிறது. பேச்சியின் 'தேரி' ஃபோல்டர், நாலாயிரத்துச் சொச்சம் படங்கள், அட்டவணைகள், ஒன்றுகூடப் போகவில்லை. இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு, கண் விழித்ததும் யாரை எழுப்ப வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல் உள்ளேயே இருக்கும். அந்தப் பட்டியல்தான் காலி. விண்டோஸை எழுப்பும் கோப்புகள் அந்த நூறு எம்பித் துண்டில் இருந்திருக்கின்றன. அவையும் எப்படியோ அழிந்திருக்கின்றன.

பிப்ரவரி 14, செவ்வாய்

பேச்சி கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் வந்தாள். களக்குறிப்பு நோட்டுகளை விரித்துவைத்து முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முதல் வருட நோட்டில் பாதி, மழையில் நனைந்து மை கலைந்துவிட்டது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் எடுத்து அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "கிடைச்சிருச்சும்மா," என்றேன். அப்போதே மற்றதையும் சொல்லியிருக்கலாம். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சார் ஓடிவந்து, "போன டிஸ்க்லருந்து எப்படி எடுத்திய?" என்றார். "கொஞ்ச நேரம் உயிர் வந்துச்சு சார், அதுக்குள்ள எடுத்திட்டேன்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

தரவு கிடைத்துவிட்டதே, மெமோவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். சாரிடம் அதை மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். "அது வேற, இது வேற. டிஸ்க் போனது போனதுதான?" என்றார்.

பிப்ரவரி 16, வியாழன்

இன்றைக்குப் பட்டியலில் பெயரை நானே எழுதினேன். பென் டிரைவிலிருந்து ஏறி, கட்டளை கொடுத்து, லினக்ஸ் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு தரம் அணைத்துப் போட்டேன், இரண்டு தரமும் ஒழுங்காக எழுந்தது. டிஸ்க் தானாகச் சரியாகிவிட்டது என்று நாளைக்குச் சாரிடம் சொல்லிவிட்டால், போகாத டிஸ்க்குக்கு எதற்கு மெமோ என்று கிழித்துப் போட்டுவிடுவார்கள். நான் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்காது.

பிப்ரவரி 17, வெள்ளி

சாரைக் கூட்டிக்கொண்டு வந்து பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரை. அதே வெள்ளை வரி.

"விடுங்க ஹெப்சி, செத்ததப் போட்டு உருட்டாதீங்க," என்று போய்விட்டார்.

மத்தியானம் மறுபடி எழுதினேன். எழுந்தது. நாலரைக்குக்கூட எழுந்தது.

பிப்ரவரி 20, திங்கள்

மறுபடியும் பட்டியல் காலி. நான் எழுதியதை யாரோ ராவோடு ராவாக அழித்துவிட்டுப் போவது போல. எனக்கென்றே வந்து வாய்த்திருக்கிறது. பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். தேதி 2015, ஜனவரி 1 என்று காட்டியது. அங்கேதான் பொறி தட்டியது. உள்ளே போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்திருக்கிறது. மெயின் இருக்கும்வரை எல்லாம் ஞாபகம் இருக்கும். ஐந்து மணிக்கு மெயின் போனால் எல்லாம் மறந்துபோகும்.

அப்படியானால் மெயினை அணைத்ததுதான் காரணம். நான் சொன்னது உண்மைதான். ஒரு பத்து நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் டீகூடக் குடித்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

அந்தச் சந்தோஷம் நேற்று வீட்டுக்குப் போவதற்குள்ளேயே போய்விட்டது.

பேட்டரி இப்போது புதிதாகச் சாகவில்லை. நவம்பரிலேயே மாசானம் சொன்னார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு வைப்பது அவர்தான். "தெனமும் தேதி தப்பாக் காட்டுது மேடம், ஏதோ ஒரு பட்டனை அமுக்கச் சொல்லுது, அமுக்கிட்டு வாரேன். என்னன்னு பாருங்க," என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கிற பேட்டரி.

நவம்பரிலிருந்து தினமும் மெயின் போயிருக்கிறது, தினமும் பட்டியல் மறந்திருக்கிறது, ஆனாலும் விண்டோஸ் தினமும் காலையில் எழுந்திருக்கிறது. எப்படி என்று இன்றைக்குப் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டியல் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் தானாகப் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது அந்த நூறு எம்பித் துண்டுக்குள்தான் இருந்தது. நான் டிக் போட்டு அழித்த துண்டு. எப்படியோ அழிந்தது என்று எழுதியிருக்கிறேன், எட்டு நாளுக்கு முன்னால், இதே பேனாவால்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலையில் கோவிலுக்கு ஆராதனைக்குப் போனேன். சாயங்காலம் துறைக் கூட்டம். தரவை மீட்டுக் கொடுத்ததற்காக எனக்குப் பொன்னாடை. எனக்குத் தெரிந்திருந்தால் லீவு போட்டிருப்பேன். பேச்சி எழுந்து, "ஹெப்சி மேடம் இல்லன்னா என் ஆறு வருசம் மண்ணாப் போயிருக்கும்," என்றாள்.

பொன்னாடையைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தவர் மாசானம். சார் அதை எடுத்து என் தோளில் போட்டார். மாசானம் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பிறகு எல்லோருக்கும் வடையும் டீயும் கொடுத்தார். எனக்குச் சீனி கம்மி என்பதைச் சொல்லாமலே தனியாகக் கொண்டுவந்து வைத்தார்.

பொன்னாடையைப் பீரோவின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தனராஜ் எடுத்துப் பார்த்து, நல்ல சரிகை என்றார்.

பிப்ரவரி 27, திங்கள்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பக்கத்து வீட்டில் குடம் குடமாக எடுத்தோம். இடுப்பு வலி.

ஐந்து மணிக்கு நோட்டு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 2, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மூன்று மணிக்கு மாசானம் வந்து கதவோரம் நின்றார். "ஒரு ஒதவி மேடம். திங்கக்கெழம விளக்கம் குடுக்கணும். எனக்கு அவ்வளவா எழுத வராது. நீங்க அழகா எழுதுவிய. கொஞ்சம் எழுதித் தாரியளா?" என்றார்.

ஆபீசில் வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள். என்னிடம்தான் வர வேண்டுமா? வெள்ளைத் தாள்கூட வாங்கிக் கையில் வைத்திருந்தார். "என்ன எழுதணும்?" என்றேன். "நடந்தத எழுதுங்க," என்றார்.

நடந்ததை எழுதச் சொன்னார். நான் எழுதினேன். "ஐயா, கடந்த பிப்ரவரி 9 அன்று மாலை ஐந்து மணிக்கு, கணினி இயக்கத்தில் இருந்ததைக் கவனிக்காமல், முன்னறிவிப்பின்றி மின் இணைப்பைத் துண்டித்தேன். இது அறியாமல் நடந்த பிழை. என் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியைக் கருதி மன்னிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." மன்னிப்புக் கேட்டு எழுதினால் விசாரணை இல்லாமல் விட்டுவிடுவார்கள், அவருக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"முன்னறிவிப்பின்றின்னா?"

"சொல்லாம," என்றேன்.

 "அப்படிப் போட்டிருக்கியளா," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இங்கேயே கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினேன். "திங்கக்கெழம போட்டுக்கிடுதேன் மேடம். இன்னும் நாள் கெடக்கே," என்று போய்விட்டார்.

மார்ச் 5, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. எங்கள் வரிசை எழுந்து பீடத்தை நோக்கிப் போனபோது நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். தாண்டிப் போகிறவர்களுக்கு முழங்காலை ஒடுக்கி வழிவிட்டேன். சபையில் திடப்படுத்தல் வாங்கி நற்கருணை எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு முறைகூட இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனராஜ் கேட்டார். வயிற்று வலி என்றேன். "வயித்து வலின்னா எந்திச்சு நிக்கக்கூடவா முடியாது? யார் கூடச் சண்டை?" என்றார். கறியை அடுப்பிலேயே தீய விட்டேன்.

இந்த டைரியை நான் ஒருத்திதான் படிக்கப்போகிறேன். இதிலும் பொய் எழுதிவைத்து என்ன செய்யப்போகிறேன்? எழுதுகிறேன்.

அன்றைக்கு மாசானம் குரல் கொடுத்தார். வராந்தா முனையில் நின்று கொடுத்தார். பதில் வரவில்லை என்று என் அறை வாசல் வரைக்கும் வந்தார். "மேடம், கம்ப்யூட்டர் ஓடுதே. மெயின ஆஃப் பண்ணட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம், பண்ணுங்க" என்றேன். விண்டோஸைக் காணோம் என்ற எரிச்சல் எனக்கு.

பேச்சி காப்பி கேட்டபோது வேண்டாம் என்றது நான். டிக் போட்டது நான். பேட்டரியை மாற்றாமல் விட்டது நான். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று மூன்று வாரமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பொன்னாடை வாங்கியது நான். அவர் பெயரில் பொய் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டியதும் நான்தான்.

மார்ச் 6, திங்கள்

ராத்திரியே எழுதி வைத்திருந்தேன். இதில் கையெழுத்து முத்து முத்தாக இல்லை. ஒன்பதரைக்குப் பிரின்சிபல் அறைக்குப் போனேன். வழியில் ஞானதிரவியம் சார் வாங்கிப் படித்துவிட்டு, "இப்ப எதுக்கு இதெல்லாம்? அந்தாளு மன்னிப்பு எழுதிக் குடுத்தா முடிஞ்சு போகும். நீங்க ஏன் தலையக் குடுக்கிய?" என்றார். நானும் அங்கேயே திரும்பியிருப்பேன். படியில் மாசானம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் அந்தத் தாள் தெரிந்தது.

பிரின்சிபல் இரண்டு தரம் படித்தார். திட்டவில்லை. மாசானத்தின் மெமோ ரத்து, எனக்கு மெமோ. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

பேச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். தட்டச்சை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், "நாலு நாளு நான் தூங்கல மேடம். செத்திரலாமான்னுகூட இருந்துச்சு. எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். மன்னிச்சிரும்மா என்றேன். அவள் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

மாசானம் பின்வாசல் குழாயடியில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். கையைத் துடைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து நீட்டினார். மடித்தது மடித்தபடி இருந்தது, கையெழுத்து இல்லை.

"அன்னைக்கு நீங்க 'ம்'முன்னது எனக்குக் கேட்டுது மேடம்," என்றார். "எல்லார் முன்னாலயும் சொன்னா நீங்க இல்லம்பிய, நான் ஆமாம்பேன். எதுக்குன்னு விட்டேன். எழுதச் சொன்னா, கை எழுதும்போதாவது நெசத்த எழுதிருவியன்னு பாத்தேன்."

நான் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அடுத்த டம்ளரை எடுத்தார். "போங்க, பிள்ளைக யாராவது பாக்கும்," என்றார்.

மத்தியானம் வாட்ச் கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வந்து போட்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

அந்த நூறு எம்பித் துண்டில் இருக்க வேண்டிய கோப்புகளையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன். பட்டியலில் இரண்டு பெயர். தேதி சரியாக இருக்கிறது. விண்டோசும் எழுகிறது, லினக்சும் எழுகிறது.

மார்ச் 15, புதன்

பேச்சி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். துறைக்கெல்லாம் லட்டு. என் மேசைக்கும் ஒன்று வைத்தாள். நன்றிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மாசானத்தின் பெயர் இருந்தது.

மார்ச் 31, வெள்ளி

மாசானத்துக்கு மாலை மூன்று மணிக்கு வழியனுப்பு விழா. சந்தன மாலை, குத்துவிளக்கு. அவர் மனைவியும் வந்திருந்தார். பேசச் சொன்னபோது, "எல்லாரும் நல்லா வச்சிருந்திய," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மாலையோடேயே மாடிக்கு வந்தார். இன்றைக்கு வேறு யாராவது அணைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நோட்டோடு என் அறைக்கு வந்தார். நாற்பது பக்க நோட்டில் இன்னும் கொஞ்சம் தாள்தான் மிச்சம்.

"கடைசி நாளுமா?" என்றேன். "குரல் குடுத்தாப் போதாதா? நான் சத்தமாவே பதில் சொல்லுவேன்."

சிரித்தார். "சொல்லுவிய. ஆனா குரலு நோட்டுல நிக்காதுல்லா மேடம்."

தேதி, நேரம், அறை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் போய் மெயினை அணைத்தார்.